ஓரத்தில் இருந்த பெயர்

முள்ளியவளை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுகிறேன். மழை பிந்தித்தான் தொடங்கியது. தண்ணிமுறிப்புப் பக்கம் விதைத்துவிட்டார்கள். கச்சான் இந்த முறை சுமார்தான், இருந்தாலும் உனக்கென்று இரண்டு கிலோ வறுத்து வைத்திருக்கிறேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. மச்சாள் போன கிழமை எடுத்தபோது நீ விடிய எழும்பி ஓடுகிறாய் என்று சொன்னாள். ஏதோ உத்தியோகத்துக்கு ஓட்டப் பரீட்சை இருக்கிறதாம். என்ன உத்தியோகம் என்று கேட்டேன், கதையை மாற்றிவிட்டாள். உன் முழங்காலில் இருப்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதோடு ஏன் அப்பன் ஓடுகிறாய்?

சரி, பதக்க விசயத்துக்கு வருகிறேன். நீ படம் கேட்டு ஐந்து மாதமாகிறது. முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்து அனுப்பினேன். ஓரத்தையும் எடுத்து அனுப்புங்கோ, பெயரும் இலக்கமும் அங்கேதான் வெட்டியிருக்கும் என்று மூன்று தரம் கேட்டாய். போன் சரியில்லை, கண் தெரியவில்லை என்று சாட்டுச் சொன்னேன். பிறகு நீயும் கதைப்பதைக் குறைத்துவிட்டாய். பதக்கத்துக்குத்தான் கோபமா, வேறு ஏதாவதா?

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். மூன்று பதக்கமும் அம்மப்பாவுடையவை என்று நினைத்துத் தேடுகிறாய். அப்படியில்லை. இரட்டைத் தலைப் பூதத்தின் மேல் சிங்கம் நிற்கிறதே, அதுவும், செம்மஞ்சள் நாடாவின் இரு கரையிலும் பச்சை ஓடுகிறதே, அதுவும் சின்னையாவுடையவை. அவர்தான் பட்டாளத்தில் இருந்தவர். திருகோணமலையில் பீரங்கிக்காரரோடு நின்றார். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் குண்டு போட்டதையும், சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததையும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லுவார். நாங்கள் முதல் தரம் கேட்பதுபோலக் கேட்போம். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் அவருடையதும் எங்கள் பெட்டிக்குள் வந்து சேர்ந்தது. பிரித்தானிய அரசு கொடுத்த அந்தப் போர்ப் பதக்கங்களில் பெயர் வெட்டுவதில்லை என்று நீயே எழுதியிருந்தாய். அதுதான் ஒரே துணியில் கிடந்த மூன்றையும் ஒருவருடையது என்று எண்ணிவிட்டாய். பட்டாளத்துப் பதிவில் நீ அம்மப்பாவின் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

ஆறாம் ஜோர்ஜின் தலையும், மறுபக்கம் இலை வளையத்தின் மேல் பொலிஸ் தடியும் உள்ள வெள்ளிப் பதக்கம்தான் உன் அம்மப்பாவுடையது, என் ஐயாவுடையது. 18 வருடம் குற்றமில்லாமல் வேலை செய்த பொலிசாருக்கு, குடியேற்ற நாடுகளில் 1934 முதல் அதைக் கொடுத்தார்கள் என்று கண்டுபிடித்துச் சொன்னாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டு ரீச்சருக்கும் வாசித்துக் காட்டினேன். 1947இல் ஐயாவுக்கு அது கிடைத்ததாக அம்மம்மா சொல்லுவா. அப்படியென்றால் 1929இலோ அதற்கு முன்னரோ சேர்ந்திருக்க வேண்டும். நான் பிறந்தபோது அவர் பென்சன்காரர். காக்கி உடுப்போடு நான் அவரைக் கண்டதே இல்லை.

கடைசிச் சண்டையில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது அந்த மூன்றையும் உள்பாவாடை மடிப்பில் தைத்து வைத்திருந்தேன். மெனிக் பாம் முகாமில் அதைப் பிரித்த அன்று நீ பக்கத்தில் இருந்தாய். "அம்மா எல்லாவற்றையும் விட்டா, அம்மப்பாவின் பெயரை விடவில்லை" என்று எல்லாருக்கும் சொல்லுகிறாய். லண்டனில் உன் கூட்டாளிகளுக்கும் சொல்லியிருக்கிறாய். அப்படிச் சொல்லாதே தம்பி.

பெயரை அழித்ததே நான்தான்.

1990 ஆனி மாதம், சண்டை மறுபடி தொடங்கிய நேரம். கிழக்கில் பொலிசாருக்கு என்ன நடந்தது என்று ஊரே குசுகுசுத்தது. பொலிஸ் என்ற சொல்லே வீட்டில் இருக்கக்கூடாது என்று எனக்குப் பட்டது. புதைக்கவும் மனம் வரவில்லை, கிணற்றில் போடவும் மனம் வரவில்லை. அம்மியில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளி லேசில் தேயாது என்று நினைத்தேன், தேய்ந்தது. அண்ணாவுக்கு அப்போது ஐந்து வயது. விளையாட்டென்று நினைத்துச் சின்னச் செம்பால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். அம்மம்மா திண்ணையில் இருந்து பார்த்தா. தடுக்கவில்லை. முடிந்த பிறகுதான், "பேர் போச்சுதோ?" என்று கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்குச் சம்பலுக்கு அம்மியைக் கழுவியபோது கறுப்பாக வந்தது.

அந்த ஓரத்தைத்தான் நீ படம் எடுக்கச் சொன்னாய்.

முழுக்கப் போகவில்லை. வெயிலில் சரித்துப் பிடித்தால் ஒரு 3உம் ஒரு 7உம் தெரிகிறது. பெயரின் கடைசி எழுத்துகள் விரலால் தடவினால் படுகின்றன. ஐயாவின் தகரப் பெட்டி மூடியிலும் அதே இலக்கத்தை வெள்ளைப் பெயின்றால் எழுதியிருந்தார். அந்தப் பெட்டி மாத்தளனில் போய்விட்டது. கண்ணை மூடினால் பெட்டி தெரிகிறது, கீல் உடைந்ததுகூடத் தெரிகிறது, இலக்கம் தெரியவில்லை.

நீ லண்டன் கியூவில் உள்ள ஆவணக்காப்பகத்துக்குப் போய் வந்த செலவு என்னால்தான் வீணானது. கொன்ஸ்டபிளாகச் சேர்ந்து சார்ஜன்ட் ஆனவருடைய கடதாசி இலங்கையில்தான் இருக்க வேண்டும் என்று அங்கே சொன்னார்களாமே. கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்துக்கு ரீச்சரின் மகன் போகத் தயார். சேர்ந்த வருடம், பென்சன் எடுத்த ஊர், அந்த இரண்டு இலக்கம், இவ்வளவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பென்சன் கடதாசியில் பெயர் இருக்கும். அதை நான் தேய்க்கவில்லை.

பதக்கத்தைக் கச்சானோடு மச்சாளின் தகப்பனாரிடம் கொடுத்து விடுகிறேன். அடுத்த மாதம் வருகிறார். மினுக்கக் கொடுத்துவிடாதே. மினுக்கினால் மிச்ச எழுத்தும் போய்விடும்.

ஐயா நல்ல பொலிஸ்காரர். ஊரில் யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. ஆனால் அவருடைய உடுப்புக்குப் பயந்து, அவர் செத்துப் பத்து வருடத்துக்குப் பிறகும் நான் அம்மியின் முன்னால் குந்தியிருந்தேன். அங்கே அப்படியில்லை, அது வேறு நாடு என்று நீ சொல்லுவாய். எனக்கும் விளங்குகிறது. ஆனாலும் உடுப்பு என்று கேட்டாலே அண்ணா போன பங்குனி வந்து முன்னால் நிற்கிறது. நான் என்ன செய்ய?

காதை மூடிக்கொண்டு போ. நேரத்துக்குச் சாப்பிடு. ஓட்டத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை எடு. போனைப் பக்கத்தில்தான் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா