உன் படர்தாமரையும் அந்த நாலு பக்கத் தாளும்

மதுரை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத முடியவில்லை. வீட்டில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வாக்கரை விட்டுச் சுவரைப் பிடித்து நடக்கிறாள். காபி போடுவதிலிருந்து வாசலில் கோலம் போடுவது வரை எல்லாம் என் பொறுப்பு. நேற்று எதிர்வீட்டு அம்மா கோலத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பேத்தி வந்திருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதமாகத் தொடையிடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை, நாலு வகை ட்யூப், இரண்டு டாக்டர், கடைசியில் மெடிக்கல் காலேஜ். அங்கே அந்த டாக்டரம்மா ஒரு ஆய்வில் சேர்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டு, நாலு பக்கத் தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். "ரிட்டயர் ஆனவன் என்றால் சோதனை எலி என்று நினைத்துவிட்டார்களா?" என்று கோபமாக எழுதியிருக்கிறாய். தோல்நோய்ப் பிரிவு லேபில் முப்பது வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறாய்.

யோசனை சொல்வதற்கு முன்னால் வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். வேலையில் இருந்த கடைசி வருஷங்களில் எனக்கும் இடுப்பில் வந்தது. தினமும் நாற்பது பேருடைய செதிலைச் சுரண்டிப் பார்க்கிறவன், என்னுடையதைப் பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் தெருமுனை மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் கொடுப்பா" என்று வாங்கிப் போட்டேன். இரண்டு நாளில் அரிப்பு போய்விட்டது, சிவப்பும் மங்கிவிட்டது. பத்து நாளில் நிறுத்தினேன். பதினைந்தாம் நாள் முன்னைவிட அகலமாக வந்தது. திரும்பவும் போட்டேன். இப்படியே நாலு மாதம். ஒருநாள் எங்கள் பேராசிரியரிடம் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். அவர் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பட்ட மேற்படிப்பு மாணவர்களைக் கூப்பிட்டு, "ஸ்டீராய்டு போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே, இதோ பாருங்கள்" என்றார். முப்பது வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

அந்த ட்யூபில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று மூன்றும் கலந்திருக்கும். நீ எழுதியிருக்கும் நாலு ட்யூபில் மூன்று அதே ரகம். படர்தாமரையில் சிவப்பும் அரிப்பும், உடம்பு பூஞ்சையோடு மல்லுக்கட்டுவதால் வருபவை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடன் போய்விட்டான் என்று படுத்துக்கொள்கிற கதை. இப்படி முகம் மாறிப்போன படர்தாமரையைப் பற்றி 1968-லேயே லண்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதி, 'மாறுவேடப் படர்தாமரை' என்று அர்த்தம் வருகிற பேரையும் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது 2018-ல். சேர்த்தார்கள், சரி. உன் தெருவில் யாராவது சீட்டு கேட்கிறார்களா?

அப்புறம் நான் என் செதிலை நானே சுரண்டிப் பார்த்தேன். இதில் கை வைக்கவேண்டிய இடம் வட்டத்தின் விளிம்புதான். நடுவில் பூஞ்சை தின்று முடித்துவிட்டு வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், அதனால்தான் வட்டம். பிளேடின் மழுங்கல் பக்கத்தால் லேசாகச் சுரண்டி, செதிலை ஸ்லைடில் வைத்து, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மூடினால், கொஞ்ச நேரத்தில் தோலின் செல்கள் கரைந்து தெளிந்துவிடும். பூஞ்சையின் இழை மட்டும் கரையாமல், கண்ணாடிக் குழாய் மாதிரி, குறுக்குத் தடுப்புகளோடு கிளைவிட்டுக் கிடக்கும். சாதாரண நோயாளி ஸ்லைடில் அதைத் தேடவேண்டும். என் ஸ்லைடில் தேடவே இல்லை. நாற்றங்கால் மாதிரி நிறைந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லாத வயல்.

உனக்கு இந்தச் சுரண்டல் பரிசோதனையை யாராவது செய்தார்களா என்று உன் கடிதத்தில் தேடினேன், இல்லை. வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை ஆகிவிடாது. காசு அளவில் வருகிற கரப்பான் உண்டு, சொரியாசிஸ் உண்டு. தொழுநோய்கூட சில சமயம் விளிம்பு கட்டிய தேமலாக வரும். ஆனால் அது அரிக்காது, பஞ்சை வைத்து வருடினாலும் அந்த இடத்தில் தெரியாது. உனக்குத்தான் ராத்திரி முழுக்க அரிக்கிறதே, அந்தக் கவலை வேண்டாம்.

இப்போது எலி விஷயம். படர்தாமரைக்கு முதலில் மாட்டியது எலி இல்லை, கினிப்பன்றி. கிரிசியோஃபுல்வின் என்ற பொருளைப் பென்சிலியம் வகைப் பூஞ்சை ஒன்றிலிருந்து 1939-ல் பிரித்தெடுத்தார்கள். அது படர்தாமரைக்கு மாத்திரையாக வரப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று. 1958-ல் கிளாஸ்கோவில் ஜென்டில்ஸ் என்பவர் கினிப்பன்றிகளுக்குப் படர்தாமரையை வரவழைத்து, அந்த மருந்தை வாய்வழியாகக் கொடுத்துக் குணமாவதைக் காட்டினார். பியூசி ஹாஸ்டலில் ஒரே துண்டை ஆறு பேர் கட்டிக்கொண்டு அறை முழுக்கப் பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? வார்டன் நம்மைப் பெரியாஸ்பத்திரிக்கு வரிசையாக ஓட்டிக்கொண்டு போனபோது நாம் முழுங்கிய மாத்திரை அதுதான். தாளில் வைத்துக் கொடுத்த விட்ஃபீல்டு களிம்பைத் தடவிவிட்டு நீ ராத்திரி வராந்தாவில் குதித்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் ஆத்தா ஊரிலிருந்து சீமை அகத்தி இலையை அரைத்து அனுப்பினார்கள். அதில் கொஞ்சம் விஷயம் உண்டு. அந்த இலையில் பூஞ்சையை அடக்குகிற பொருள் இருக்கிறது.

உன் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். 1951-ல் அமெரிக்காவில், ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளுக்குச் சேற்றுப்புண் என்று பார்க்க ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற தோல் டாக்டரைக் கூப்பிட்டார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்காரர், பெரிய கெட்டிக்காரர். முகப்பருவுக்கு இன்றைக்கும் தடவுகிற டிரெட்டினாயினைக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. உள்ளே போனதும் தனக்கு ஏக்கர் கணக்கில் தோல்தான் தெரிந்தது என்று பின்னாளில் பத்திரிகைக்காரரிடம் அவரே சொன்னார். கையில் சில டாலரைக் கொடுத்து, என்ன தடவுகிறோம் என்று சரியாகச் சொல்லாமல், 1974 வரை அந்தக் கைதிகள் மேல் ஏதேதோ போட்டுப் பார்த்தார்கள், டயாக்சின் என்ற கொடிய நஞ்சு உட்பட. பெரும்பாலும் கறுப்பின மனிதர்கள். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி மன்னிப்புக் கேட்டது 2021-ல், நகர நிர்வாகம் 2022-ல். உன் கையில் இருக்கும் நாலு பக்கத் தாள், இந்த மாதிரி அநியாயங்களுக்குப் பிறகு வந்தது. அலுப்பாக இருந்தாலும் படி.

அது போகட்டும், உன்னை ஏன் ஆய்வுக்குக் கேட்கிறார்கள்? பழைய மருந்து வேலை செய்யவில்லை, அதனால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த சில வருஷத்தில் டெர்பினஃபைன் வந்தது. இரண்டு வாரம் கொடுத்தால் போதும், நோயாளி திரும்பி வரமாட்டார். கடைசிப் பத்து வருஷத்தில் நிலைமை தலைகீழ். காசி இந்து பல்கலைக்கழகத்தில் 200 நோயாளிகளை நாலாகப் பிரித்து, நாலு மாத்திரைகளை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். குணமானவர்கள், இட்ரகோனசோலில் 66 சதவீதம், ஃப்ளூகோனசோலில் 42, டெர்பினஃபைனில் 28, நம் ஹாஸ்டல் மாத்திரையில் 14. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலிடம் வந்த மருந்திலேயே மூன்றில் ஒருவருக்குக் குணமில்லையே! அந்த ஆய்வில் யாருக்கு எந்த மாத்திரை என்பது டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியும். அது ஒரு குறைதான். ஆனால் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்ணின் சாய்வு மட்டும் உண்டாக்கிவிடாது என்பது என் எண்ணம்.

காரணமும் பிடிபட்டுவிட்டது. பூஞ்சை தன் செல்லுக்குச் சவ்வு கட்ட எர்கோஸ்டெரால் என்ற ஒருவகைக் கொழுப்பு வேண்டும். அதைச் செய்கிற நொதி ஒன்றை டெர்பினஃபைன் முடக்கும். இப்போது பரவியிருக்கும் பூஞ்சையில் பல, அந்த நொதியின் வடிவத்தையே கொஞ்சம் மாற்றிக்கொண்டுவிட்டன, மருந்து உட்காருவதில்லை. ஜப்பானில் இருந்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சையை வைத்து 2020-ல் இதற்குத் தனி இனமாகப் பேர் வைத்தார்கள், ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று. நம் நாட்டுப் பேரைத்தானா வைக்கவேண்டும் என்று எனக்கு எரிச்சல். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் கண்டுபிடித்தார்கள், அதில் ஒருவர் வெளிநாடு பக்கமே போகாதவர்.

ஆகவே மாப்ளே, எட்டு மாதமாக நீ ஒரு சோதனையில்தான் இருக்கிறாய். அதில் உன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை, முடிவை யாரும் எழுதி வைக்கவில்லை, நடத்தியது மெடிக்கல் கடைப் பையன். டாக்டரம்மா சேரச் சொல்கிற ஆய்வில் உன் ஸ்லைடுக்கு ஒரு நம்பர் இருக்கும். எங்கள் லேபுக்கு அப்படித்தான் வரும், 17 என்று மட்டும். அந்தப் பதினேழு எந்த மருந்து சாப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிந்தால், நல்ல மருந்துக்காரர் ஸ்லைடில் ஒரு இழை கிடந்தாலும் என் கண் அதைத் தாண்டிப் போய்விடும். இது நேர்மைக் குறைவு இல்லை, மனுஷக் கண்ணின் சுபாவம்.

சேர்வதும் சேராததும் உன் இஷ்டம். நானாக இருந்தால் சில கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண் என்ன? 2009-லிருந்து அது கட்டாயம், உன் பையனிடம் சொன்னால் செல்போனிலேயே தேடிக் காட்டுவான். நடுவில் விலகினால் வழக்கமான வைத்தியம் தொடருமா? பக்கவிளைவு வந்தால் ராத்திரி யாரைக் கூப்பிடுவது, செலவு யாருடையது? இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் போதும்.

இன்னொன்று, முக்கியம். நீ கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாய், காலையில் கேஸ் மாத்திரையும். இட்ரகோனசோல் சில கொழுப்பு மாத்திரைகளோடு சேர்ந்தால் தசையைக் கெடுக்கும். வயிற்று அமிலத்தைக் குறைத்துவிட்டால் அந்தக் கேப்சூல் சரியாக உடம்பில் ஏறாது. இதய பலவீனம் இருப்பவர்களுக்கு அதைக் கொடுக்கமாட்டார்கள். ஆய்வோ வழக்கமான வைத்தியமோ, எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. அந்த நாலு ட்யூபையும் அதே பையில் போடு, வெட்கப்படாதே. இனி அவர்கள் சொல்லாமல் எதையும் தடவாதே. ஸ்டீராய்டை நிறுத்தினதும் முதல் வாரம் அரிப்பு பேயாட்டம் ஆடும், பல்லைக் கடித்துக்கொள்.

அரைஞாண் கயிற்றைக் கழற்றிவிடு. தங்கச்சி அபசகுனம் என்று சொன்னால், அண்ணன் சொன்னான் என்று சொல். ஈரம் தங்குகிற அந்தக் கயிற்றில் பூஞ்சை நிம்மதியாகக் குடியிருக்கும். உன் துண்டு, வேட்டி, ஜட்டியைத் தனியாக வெந்நீரில் துவைத்து வெயிலில் போடச் சொல். தங்கச்சிக்கும் அரிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேள். அந்தக் காலத்துப் பெண்கள் சொல்லமாட்டார்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகிற நாளை முன்னாடியே எழுது. இவள் சுவரை விட்டு நடந்துவிட்டால் நானும் பஸ் ஏறி வந்துவிடுவேன். அந்த லேபில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவும் ஆசையாக இருக்கிறது. துண்டு மட்டும் நானே கொண்டுவருகிறேன்.

உன்,
பழைய பதினோராம் நம்பர் அறைக்காரன்