நான்காவது ஆப்ஷனை எழுதியவருக்கு ஒரு திறந்த மடல்

கட்டாயப் பயிற்சிகளின் முடிவில் எங்களுக்குத் தேர்வு வைப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் தீ பாதுகாப்புப் பயிற்சியை முடித்தேன். 40 நிமிட வீடியோ. வேகமாக ஓட்ட முடியாதபடி பூட்டி வைத்திருந்தீர்கள். கடைசியில் 10 கேள்விகள். முதல் கேள்வி இது:

தீ எச்சரிக்கை மணி அடிக்கிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?
அ) மணிச் சத்தத்துக்கு ஏற்றபடி ஆடுவேன்
ஆ) பதற்றமில்லாமல், குறிக்கப்பட்ட வழியாக வெளியேறி, கூடுமிடத்துக்குப் போய், வந்துவிட்டேன் என்று பொறுப்பாளரிடம் சொல்வேன்
இ) தீயைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவேன்
ஈ) கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புவேன்

ஆ-வை அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக், கூடவே "அருமை!" என்று ஒரு பாராட்டு. ஐந்து வயதில்கூட என்னை யாரும் இவ்வளவு சுலபமாகப் பாராட்டியதில்லை.

சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த 'ஈ' என்னை விடவில்லை. நான்கில் மனிதர்கள் உண்மையிலேயே செய்வது அதுதான். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கின் உலக வர்த்தக மையக் கோபுரங்களிலிருந்து உயிர் தப்பியவர்களிடம் பின்னால் விசாரித்தார்கள். பலர் உடனே படியிறங்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்திருக்கிறார்கள், பையைத் தேடியிருக்கிறார்கள், போன் செய்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர் எழுந்திருக்கிறாரா என்று பார்த்திருக்கிறார்கள். 'இந்த ஒரு மெயிலை மட்டும் அனுப்பிவிட்டு' என்பது நம் எல்லோருக்கும் வரும் எண்ணம். அதைக் கேள்வியாக்கும் இடத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்தவர், அதை ஆடுகிறவனுக்கும் படம் எடுக்கிறவனுக்கும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டீர்கள். அங்கே உட்கார்ந்ததும் அதுவும் ஜோக் ஆகிவிட்டது.

இந்தத் தேர்வுகளில் நாங்கள் எப்படிப் பாஸ் செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நீளமாக இருக்கும் ஆப்ஷன்தான் விடை. அதில்தான் சட்டத்துறை ஆட்கள் திருத்தம் செய்திருப்பார்கள். 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வந்தால் தவறு. 'மேற்கண்ட அனைத்தும்' இருந்தால் மற்றதைப் படிக்கவே வேண்டாம். 'யாரிடம் தெரிவிக்க வேண்டும்?' என்று கேட்டுவிட்டு, நான்கில் ஒன்றில் மட்டும் ஆளின் பதவியைப் போட்டு, மற்ற மூன்றில் இடங்களின் பெயரைப் போட்டவரும் உங்களில் ஒருவர்தான். பிறகு, ஆண்டு தவறாமல் வரும் அந்தக் கேள்வி: 'பாதுகாப்பு யாருடைய பொறுப்பு?' விடை, 'நம் அனைவருடைய பொறுப்பும்'. இதற்குத் தவறான விடை சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் மாடியில் தீயணைப்பானின் அழுத்தமானி முள் சிவப்புக்கு வந்து கிடந்தபோது, அதை யாரிடம் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஒருவரையும் பார்க்கவில்லை.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 10 கேள்வி, கேள்விக்கு 4 ஆப்ஷன், 8 சரியானால் பாஸ். எதுவும் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துகிறவர் தேறுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய 2,400-ல் 1. பரவாயில்லை, இது தேர்வுதான். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு ஆப்ஷன் வெறும் கேலி என்றால் அது 18-ல் 1 ஆகிவிடுகிறது. அதோடு ஐந்து கேள்விகள் விடையைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிட்டால், மீதி ஐந்தில் மூன்று போதும். அதன் வாய்ப்பு சரிபாதி. அதாவது, பயிற்சியின் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவருக்கும் காசு சுண்டிப் பார்க்கும் அளவு வாய்ப்பு இருக்கிறது. தோற்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எழுதலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வகைத் தேர்வை முதலில் கொண்டுவந்தவராகச் சொல்லப்படுபவர் பிரெடெரிக் கெல்லி என்ற அமெரிக்கக் கல்வியாளர். 1910-களின் நடுவில் கன்சாஸ் மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க அவர் உருவாக்கிய தேர்வில் ஒரு கேள்வி இப்படி இருந்தது: கீழே நான்கு விலங்குகளின் பெயர்கள் உள்ளன, பண்ணைக்குப் பயன்படும் விலங்கின் பெயரைச் சுற்றிக் கோடு போடு. பசு, புலி, எலி, ஓநாய். உங்கள் வம்சத்தின் ஆதி ஆப்ஷன் அந்தப் புலிதான் என்று தோன்றுகிறது. ஆனால் கெல்லியின் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. பசுவுக்கும் புலிக்கும் வித்தியாசம் தெரியுமா என்று அவர் சோதிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறதா என்றுதான் பார்த்தார். வாசிக்கத் தெரிந்த பிள்ளை பசுவைச் சுற்றும், தெரியாத பிள்ளை முழிக்கும். எங்கள் எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், ஐயா. ஒரு நூற்றாண்டு கழித்து அதே புலியை எங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி எதைக் கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள்?

இவ்வளவு பேசுகிறவன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்கள் நாற்காலியில் நானும் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். மோசடி மின்னஞ்சல் பற்றிய பயிற்சிக்கு 20 கேள்வி எழுதித் தரச் சொன்னார்கள். மறுநாள் காலையில் வேண்டும். சரியான விடையை எழுதுவது சுலபம், அது பாடத்திலேயே இருக்கிறது. தவறான விடைகளை எழுதுவதுதான் முதுகை ஒடிக்கும் வேலை. முதல் தவறு எப்படியோ வந்துவிடும். இரண்டாவதற்கு நகத்தைக் கடிக்க வேண்டும். மூன்றாவதற்குள் இரவு பதினொரு மணி ஆகிவிடும். அந்த நேரத்தில்தான் 'மின்னஞ்சலை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவேன்' என்று எழுதினேன். 'லாட்டரியில் பல கோடி விழுந்திருக்கிறது, உடனே கிளிக் செய்க' என்று வரும் மெயிலை எடுத்துக்காட்டாக வைத்ததும் நான்தான். எழுதிய எல்லோரும் முழு மதிப்பெண். எனக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

சில மாதம் கழித்து, முழு மதிப்பெண் வாங்கியவர்களில் ஒருவர் ஒரு மெயிலைத் திறந்து தன் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். சம்பள உயர்வுப் பட்டியலில் அவருடைய பெயரில் ஒரு திருத்தம் இருப்பதாக, அலுவலக முத்திரையோடு, அந்த மாதம் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்த செய்தியாகவே அது வந்திருந்தது. "லாட்டரின்னு வந்திருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேனே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் கேட்டதற்கு அவர் சரியாகவே விடை சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி நல்லதா என்று பார்க்க நான் முதலில் படிப்பது தவறான விடைகளைத்தான். எடுத்துக்காட்டுக்கு முதலுதவி. 'ஒருவர் மயங்கி விழுந்தால்?' என்று கேட்டு, 'கண்டுகொள்ளாமல் போய்விடுவேன்' என்று ஓர் ஆப்ஷன் வைக்கிறீர்கள். எவன் அழுத்துவான்? இப்படிக் கேட்டுப் பாருங்கள்: விழுந்தவர் அசையவில்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் பதில் இல்லை. ஆனால் இடைவெளி விட்டு விட்டு, வாயைத் திறந்து, குறட்டைபோல ஒரு சத்தத்தோடு காற்றை இழுக்கிறார். இப்போது 'மூச்சு இருக்கிறது, ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்தில் இருப்பேன்' என்று ஓர் ஆப்ஷன் வையுங்கள். நல்ல மனசும் அரைகுறைப் பயிற்சியும் உள்ள பலர் அதைத்தான் அழுத்துவார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்றவுடன் சிலருக்கு வரும் அடங்கும் இழுப்பு. அதை மூச்சு என்று நம்பிக் காத்திருப்பது உலகம் முழுக்க நடக்கும் தவறு. உடனே உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்க வேண்டும். இந்தக் கேள்வியில் தோற்றுவிட்டு வெளியே போகிறவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். உங்கள் கேள்வியில் ஜெயித்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கஷ்டமாகக் கேட்கிறேன் என்று எதிர்ப்பக்கம் பாய்பவர்களும் உங்களில் உண்டு. அந்தக் கொள்கை ஆவணம் எந்த ஆண்டு திருத்தப்பட்டது, அதற்கு எத்தனை தூண்கள், மூன்றாவது தூணின் பெயர் என்ன. இதைப் பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. தீப்பிடித்தால் நான் மூன்றாவது தூணைத் தேடப் போவதில்லை.

நான்கு கட்டம் இருப்பதால்தான் நான்கு எழுதுகிறீர்கள் என்றால், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி. மைக்கேல் ரோட்ரிகெஸ் என்ற ஆய்வாளர், இதைப் பற்றிய 80 ஆண்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2005-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெரும்பாலான தேர்வுகளுக்கு மூன்று ஆப்ஷனே போதும் என்பது அதன் முடிவு. அந்த இரவில் இது எனக்குத் தெரிந்திருந்தால் நோட்டீஸ் போர்டு தப்பித்திருக்கும். எந்த ஆப்ஷனை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற கணக்கும் உங்கள் மென்பொருளில் ஏற்கெனவே கிடக்கிறது. 100 பேரில் 5 பேர்கூடத் தொடாத தவறான விடையைச் செத்த ஆப்ஷன் என்று தள்ளுவது கேள்வி எழுதுகிறவர்களின் பழைய வழக்கம். ஒரே ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். திறந்தால் மயானமாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

செத்ததை எடுத்த இடத்தில் எதை வைப்பது என்று யோசிக்க வேண்டாம். அந்த வேலையைச் செய்கிறவர்களிடம் போய், "இதில் புதிதாக வந்தவர் எங்கே தப்பு செய்வார்? நீங்கள் எங்கே செய்தீர்கள்?" என்று கேளுங்கள். பேர் போடமாட்டோம், யாருக்கும் சொல்லமாட்டோம் என்று உறுதி கொடுத்துவிட்டுக் கேளுங்கள். தேநீர் ஆறுவதற்குள் பத்துக் கேள்விக்கான தவறான விடைகள் கிடைத்துவிடும். எல்லாம் உயிருள்ளவை.

ஒரு சந்தேகமும் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. நாங்கள் தோற்கக்கூடிய தேர்வு உங்களுக்கு வேண்டுமா? 'ஊழியர்கள் 100 சதவீதம் தேர்ச்சி' என்ற வரி ஆண்டறிக்கைக்குத் தேவைப்படுகிறது என்றால், ஆடுகிறவனும் படம் எடுக்கிறவனும் தங்கள் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் தேர்வை எடுத்துவிட்டு, 'வீடியோவைப் பார்த்தேன்' என்று ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம், உங்களுக்கு ஓர் இரவு மிச்சம்.

மின்னஞ்சல் பயிற்சிக்கான என் சான்றிதழ் அடுத்த மாதம் காலாவதியாகிறது. நான் எழுதிய அந்த 20 கேள்விகளும் இன்னும் அங்கேயே இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். அவற்றை நீக்கிவிட்டு, சம்பளப் பட்டியல் மெயிலை முதல் கேள்வியாக வையுங்கள். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
இதுவரை ஒரு பயிற்சித் தேர்விலும் தோற்காத ஓர் ஊழியர்