காக்கைக்கும் தன் குஞ்சு

லைப்சிக், ஜெர்மனி
தை 6

அன்புள்ள செல்விக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலம். நீயும் குட்டிப் பையனும் நலமா?

போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். வீடியோ காலில் உன் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். நீ "ஆமாக்கா, சரிக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாய். போன வாரம் பால் பொங்குகிறதென்று அவர் எழுந்து போன ரெண்டு நிமிஷத்தில்தான் "வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்க்கா" என்றாய். அதற்குள் திரும்பி வந்துவிட்டார். மீதிப் பேச்சு இதில்.

உன் கஷ்டம் தெரியாமல் இல்லை. 26 வார விடுப்பு முடியப்போகிறது. மறுபடியும் கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு பஸ். கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் என்று நின்று நின்று போக வேண்டும். 50 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் ஆபீஸில் அந்த அறையில் பழைய பிரிண்டர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்கிறாய். குழந்தையை பிரிண்டருக்குப் பக்கத்திலா படுக்க வைப்பது?

"உனக்கென்ன, நீ ஜெர்மனியில் இருக்கிறாய்" என்று அடுத்து சொல்வாய். சரி, இங்கே எப்படி என்று சொல்கிறேன்.

பிரசவத்துக்குப் பின் 8 வாரம் நானே ஆசைப்பட்டாலும் வேலைக்கு வரக் கூடாது. அப்புறம் பெற்றோர் பணம் என்று ஒன்று. கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய 65 சதவீதம், மாதம் 1800 யூரோவுக்கு மேல் போகாது. இதில் ஒரு சூட்சுமம் வைத்திருக்கிறார்கள். ஒருவர் மட்டும் விடுப்பு எடுத்தால் 12 மாதம்தான் பணம். இன்னொருவரும் குறைந்தது 2 மாதம் எடுத்தால் 14 மாதம். உன் மாமா அந்த ரெண்டு மாதத்தை எடுத்தார். புரட்சி என்றெல்லாம் நினைத்துவிடாதே, வருகிற பணத்தை விட மனசில்லை.

அந்த ரெண்டு மாதத்தில் ஒரு நாள். எனக்கு முதல் ஷிப்ட், காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் இருக்க வேண்டும். ஒரு பெரியவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருக்கிறேன், பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எடுக்க முடியவில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்படித் தரையெல்லாம் கேழ்வரகுக் கூழ். பாப்பாவுக்குச் சட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறது. அவர் சோபாவில் மல்லாந்து கிடக்கிறார், அவள் அவர் நெஞ்சில் தூங்குகிறாள். "சத்தம் போடாதே" என்று கையைக் காட்டினார். அப்புறம் ஏதோ அதிசயத்தைச் சொல்வதுபோல, "காலையிலேர்ந்து நான் சாப்பிடவே இல்ல, தெரியுமா?" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு வருஷமாக என் கதை அதுதானே! அந்த ரெண்டு மாதம் முடிந்தபோது அவளுக்கு எந்தப் பக்கம் பல் முளைக்கிறது, எந்தச் சட்டை இறுக்குகிறது என்றெல்லாம் என்னைக் கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் காய்ச்சல் என்று காப்பகத்திலிருந்து போன் வந்தால் முதலில் அவருக்குத்தான் வரும்.

அதற்காக இது சொர்க்கம் என்று நினைத்துவிடாதே. ஒருநாள் இரவு டூட்டியில், ஜெர்மனியின் மேற்குப் பக்கத்திலிருந்து வந்து இங்கே மகனோடு இருக்கும் ஒரு பாட்டி, "குழந்தை யாரிடம்?" என்று கேட்டாள். அவள் அப்பாவிடம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தாள்: ராபென்முட்டர். அண்டங்காக்கைத் தாய் என்று அர்த்தம். அண்டங்காக்கை தன் குஞ்சைக் கூட்டில் விட்டுவிட்டுப் போய்விடும் என்று ஒரு பழைய நம்பிக்கையாம். அதனால் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அந்தப் பெயர். டைப்பிஸ்ட் வேலைக்குப் போனபோது பாட்டியையும் தெருவில் அப்படித்தான் சொன்னார்களாம். அப்போது ஜெர்மனி கிழக்கு, மேற்கு என்று ரெண்டு நாடு. மேற்கு ஜெர்மனியில், குடும்பக் கடமைக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்குத்தான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று 1977 வரை சட்டத்திலேயே இருந்திருக்கிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டு வளர்ந்த எனக்கு அன்று பூராவும் அதே நினைப்பு. அதே காக்கைதான், இங்கே பேரைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வார்டு சீனியர் நர்ஸ் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவள். அவளிடம் சொன்னேன். "எங்க அம்மாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை, எல்லாருமே வேலைக்குப் போனார்கள்" என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். அந்த அரசாங்கம் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்ததாம், வீட்டு வேலை செய்ய. யாருக்கு? பெண்களுக்கு! துணி துவைக்கவும் வீடு மெழுகவும் சம்பளத்தோடு லீவு. எவ்வளவு நல்ல மனசு, பார்.

இப்போது நான் முக்கால் வேலைதான் பார்க்கிறேன். இங்கே வேலைக்குப் போகும் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இப்படிப் பகுதி நேரம்தான். சம்பளம் குறைவு, நாளைக்கு வரும் ஓய்வூதியமும் குறைவு. இதற்குப் பகுதி நேரப் பொறி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எலி நாங்கள்தான்.

உன் மாமனார் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை எனக்கும் தள்ளிவிட்டாயே, அந்தக் காலத்துப் பெண்கள்தான் சந்தோஷமாக இருந்தார்கள் என்று. அப்படி ஓர் ஆய்வு நிஜமாகவே உண்டு. அமெரிக்காவில் 2009இல் ரெண்டு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்டார்கள். 1970களிலிருந்து பெண்கள் தாங்களே சொல்லும் சந்தோஷம் ஆண்களுடையதோடு ஒப்பிட்டால் குறைந்துகொண்டே வந்திருக்கிறதாம். ஆனால் அவருக்கு அனுப்பியவர் மீதியைப் படிக்கவில்லை. வேலைக்குப் போகிறவள், வீட்டில் இருக்கிறவள் என்ற வித்தியாசமில்லாமல் குறைந்திருக்கிறது. வேலையை விட்டால் சந்தோஷம் திரும்பி வரும் என்று அதில் எங்கேயும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கை அவர் அனுப்ப மாட்டார், நான் சொல்கிறேன். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதிலேயே தினம் சராசரியாக 299 நிமிடம் போகிறது. செய்யும் ஆணுக்கு 97 நிமிடம். அப்படிச் செய்யும் ஆணே நாலில் ஒருவர்தான்.

அதனால்தான் கேட்கிறேன். மாப்பிள்ளைக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ரெண்டாவது ஷிப்ட் வாரத்தில் பகல் ஒரு மணி வரை வீட்டில்தானே இருக்கிறார்? பையனைத் தனியாக அவரிடம் விட்டுப் பார்த்திருக்கிறாயா? மாமியாரைக் காவலுக்கு வைத்துவிட்டு இல்லை, நிஜமாகத் தனியாக. மதியத்துக்கு மேல் அம்மா மஞ்சக்குப்பத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடுவாள், பெண்களுக்கு டிக்கெட் காசுகூட கிடையாது. ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார். அதுவரை ராஜினாமாக் கடிதத்தைக் கொடுக்காதே. அதற்கப்புறமும் விட வேண்டும் என்று தோன்றினால் விடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

அப்புறம், அம்மாவிடம் எனக்காக ஒன்று கேட்டுச் சொல்லடி. காடாம்புலியூரில் இருந்தபோது சாம்பலைப் பூசிக்கொண்டு திண்ணையில் முந்திரிக்கொட்டை உடைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? தோல் உரிந்த அந்தக் கையால் நமக்குச் சோறு ஊட்டாமல் கரண்டியால் போடுவாள், நாம் கோபித்துக்கொள்வோம். அந்த நாளில் அவள் சந்தோஷமாக இருந்தாளா? எந்தக் கணக்கெடுப்பிலும் அவளை யாரும் கேட்டதில்லை. போனில் நான் கேட்டால் "சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாள். கீரை ஆயும்போது கேள். கை வேலையாக இருந்தால்தான் அவள் வாய் திறப்பாள்.

அன்புடன்,
உன் அக்கா