தேநீர் பரிமாற ஆண் பிள்ளைகளும் பழகட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யப்பானியப் பாடசாலைகள் பலவற்றில் தேநீர்ச் சடங்கை மாணவர்கள் இணைப்பாடவிதானச் செயற்பாடாகப் பயில்வதுபோல, விருந்தினரை வரவேற்றுத் தேநீர் வழங்கும் நமது முறையையும் வன்னிப் பாடசாலைகளில் கற்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால், அதை மாணவிகளுக்கு மட்டும் கற்பிப்பதாயின் கற்பிக்காமலே விட்டுவிடலாம்.

நமது விழாக்களில் அதிதிகளுக்குத் தேநீர் கொடுக்கும் வேலை மேல்வகுப்பு மாணவிகளின் தலையிலேயே விழுகிறது. மாணவர்கள் கதிரை அடுக்குவார்கள், பந்தல் கட்டுவார்கள், தட்டத்தைத் தொடமாட்டார்கள். மேடையில் இருக்கும் பெரியவர்களோ, கோப்பையை நீட்டும் பிள்ளையின் முகத்தைக்கூடப் பாராமல், பக்கத்தில் இருப்பவருடன் கதைத்தபடியே அதை எடுத்துக்கொள்கிறார்கள்.

16ஆம் நூற்றாண்டில் சென் நோ ரிக்கியு என்னும் தேநீர் ஆசான் செம்மைப்படுத்திய யப்பானியத் தேநீர்ச் சடங்கு, நெடுங்காலம் பெரும்பாலும் ஆண்களின் கலையாகவே இருந்தது. 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில்தான் அது பெண்கள் பாடசாலைகளில் இடம்பிடித்தது. அங்கே விருந்தினருக்கும் பாடம் உண்டு. முதலில் தரப்படும் இனிப்பை உண்டபின், அடுத்திருப்பவரிடம் தாம் முந்திக்கொள்வதற்குப் பொறுத்தருளுமாறு கேட்டு, கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, அதன் முகப்பில் வாய் படாதபடி சற்றே திருப்பி அருந்த வேண்டும். தேநீர் அறையின் வாசலும் மிகத் தாழ்வானது. போர்வீரர்கூட வாளை வெளியே வைத்துவிட்டு, குனிந்து ஊர்ந்துதான் உள்ளே போகலாம்.

அந்தக் கிண்ணமும் பச்சைத் தேயிலைத் தூளும் நமக்கு வேண்டியதில்லை. வந்தவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்துக் களை ஆறவிட்டு, பிறகு தேத்தண்ணியும் கடித்துக் குடிக்க ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதையே பயிற்றலாம். மரபு என்பதற்காக எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் இறக்கிவைக்கவும் கூடாது. ஆளின் சாதி பார்த்துப் பேணியை மாற்றியதும் நமது மரபுதான். தேநீர்க்கடைக்குள் நுழைவதற்கே 1960களில் யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் போராட வேண்டியிருந்தது. 1977, 1983 வன்செயல்களால் பெயர்ந்து வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்வகுப்புகளில் இருப்பதால், கொழுந்து பறித்தவர்களின் கதையும் அங்கே சொல்லப்பட வேண்டும்.

தவணைக்குச் சில பாடவேளைகளை இதற்கு ஒதுக்கி, மாணவரும் மாணவியரும் மாறி மாறி வீட்டாராகவும் விருந்தினராகவும் பழகுவதற்கு வலயக் கல்வி அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும். குடித்த கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பதும் அப்பயிற்சியில் அடங்க வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
முள்ளியவளை.