வெளுத்துப்போன நூறு சிவப்பு நாற்காலிகள்

அனுப்புநர்:
உரிமையாளர்,
பந்தல், நாற்காலி வாடகை நிலையம்,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பிளாஸ்டிக் நாற்காலி தயாரிப்பு நிறுவனம்.

நாள்: 16.06.2025

பொருள்: மூன்றாண்டு நிற உத்தரவாதத்துடன் விற்ற நாற்காலிகள் 14 மாதத்தில் வெளுத்தது, தங்கள் 02.06.2025 தேதியிட்ட பதிலை ஏற்க மறுப்பது.

ஐயா,

2024 மார்ச் மாதம் தங்கள் முகவரிடம் சிவப்பு நாற்காலிகள் 200, ஒன்று 640 ரூபாய் வீதம், 1,28,000 ரூபாய் ரொக்கம் கொடுத்து வாங்கினேன். கூடவே ஓர் அட்டை தந்தார்கள். ‘வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றது, நிறத்துக்கு 3 ஆண்டு உத்தரவாதம்’ என்று அதில் அச்சாகியிருக்கிறது. அந்த அட்டை மட்டும் இன்னும் வெளுக்கவில்லை, பீரோவுக்குள் இருக்கிறது.

போன மாதம் நான் அனுப்பிய புகாருக்கு நீங்கள் மூன்றே வரியில் பதில் எழுதியிருக்கிறீர்கள்: நாற்காலிகளை நேரடி வெயிலில் வைத்ததால் ஏற்பட்ட இயல்பான நிறமாற்றம், ஆகவே உத்தரவாதத்தில் அடங்காது. குடையை விற்றவன், ‘மழையில் நனைத்துவிட்டீர்களே, இனி மாற்றித் தர முடியாது’ என்று சொன்னால் எப்படி இருக்கும்? வெயிலுக்கு ஏற்றது என்று அச்சடித்தது நீங்கள். சாத்தூரில் விற்றதும் நீங்கள். இங்கே கரிசல் மண்ணும் வெயிலும்தான் எல்லாருக்கும் பொதுச் சொத்து.

நான் எதையும் மறைக்கவில்லை. 200-இல் 100 நாற்காலிகள் தகரக் கொட்டகைக்குள் இருக்கின்றன. இடம் போதாமல் மீதி 100-ஐ முற்றத்தில் இருபது இருபதாக அடுக்கி வைத்திருந்தேன். கொட்டகையில் இருப்பவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. முற்றத்தில் இருந்தவற்றைப் பற்றித்தான் பேச்சு. அடுக்கின் உச்சியில் இருந்த நாற்காலி முழுவதும் ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே உள்ளவற்றில் கைப்பிடியும் முதுகின் மேல் விளிம்பும் வெளுத்து, மேல் நாற்காலி மறைத்த இருக்கை மட்டும் பழைய சிவப்பாகவே நிற்கிறது. அரைக்கைச் சட்டையைக் கழற்றிய சம்சாரியின் கையில் எதுவரை வெயில் பட்டது என்று தெரியுமே, அதுபோலக் கோடு போட்டுத் தெரிகிறது.

வைகாசியில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமன் முகூர்த்தம் முடிந்து எழுந்தபோது அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கம் இளஞ்சிவப்பாகப் பொடி அப்பியிருந்தது. முதலில் குங்குமம் என்று நினைத்தார்கள். நான் நாற்காலியில் விரலை வைத்துத் தேய்த்தேன். சுண்ணாம்புச் சுவரைத் தொட்டதுபோல விரலில் ஒட்டியது. அன்று நாற்காலி வாடகை ஒரு ரூபாய்கூட நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை. அந்த வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு வேறு ஆளைத்தான் கூப்பிடுவார்கள்.

இனி, ‘இயல்பான நிறமாற்றம்’ என்ற தங்கள் சொல்லுக்கு வருகிறேன். பந்தல் தொழிலுக்கு வருவதற்கு முன் 12 ஆண்டு சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தவன் நான். வெயில் வண்ணத்தை எப்படித் தின்னும் என்பது அங்கே கடைநிலைப் பையனுக்கும் தெரியும். டீக்கடைச் சுவரில் ஒட்டிய சுவரொட்டி ஒரு கோடை கழிந்தால் நீலம் பாரித்துப்போகும். மஞ்சளும், மெஜந்தா என்கிற ஊதா கலந்த சிவப்பும் பறந்துவிடும். சயான் நீலமும் கறுப்பும் மிஞ்சும். வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை, வண்ணப்பொடிதான் வேறு வேறு. சயான் என்பது தாலோசயனின் என்ற கெட்டியான சரக்கு. கறுப்பு வெறும் கரி. மெஜந்தாவிலும் மஞ்சளிலும் வழக்கமாகப் போடுவது அசோ என்ற வகை வண்ணப்பொடி. விலை மலிவு, புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறு உடைந்து நிறத்தை இழந்துவிடும்.

நாற்காலிக்கும் அதே கதைதான். 2016-இல் வேறோரிடத்தில் வாங்கிய 60 நீல நாற்காலிகள் அதே முற்றத்தில், அதே வெயிலில், ஒன்பது ஆண்டாக நிற்கின்றன. கால் உடைந்தது உண்டு, கீறல் விழுந்தது உண்டு. வெளுத்தது என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. ‘சிவப்பு என்றாலே அப்படித்தான்’ என்று தங்கள் முகவர் தொலைபேசியில் சொன்னார். அதுவும் சரியல்ல. குயினாக்ரிடோன், டிபிபி என்று வெயிலைத் தாங்கும் சிவப்புகள் இருக்கின்றன; வெளியில் நிற்கும் கார்களுக்குப் பூசுகிறார்களே. விலைதான் பல மடங்கு. எந்தச் சிவப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒன்று முதல் எட்டு வரை புளூ வுல் அளவுகோல் இருக்கிறது. வண்ணப்பொடி விற்பவன் அந்த எண்ணைச் சொல்லித்தான் விற்கிறான். தங்கள் சிவப்பின் எண் என்ன?

நிறம் மட்டும் போயிருந்தால் ஒரு குறை என்று விட்டிருப்பேன். பொடி உதிர்வது வேறு குறை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நான் செய்ததைச் சொல்கிறேன், தாங்களும் செய்து பார்க்கலாம். வெளுத்த கைப்பிடியை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தேன். உடனே சிவப்பு பாதி திரும்பி வந்தது. மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வெடித்து, அந்த வெடிப்புகளில் ஒளி சிதறித்தான் வெள்ளை பூத்ததுபோலத் தெரிந்திருக்கிறது. எண்ணெய் வெடிப்பை நிரப்பியதும் அது மறைந்தது. (இரண்டு நாளில் எண்ணெய் போய்ப் பழையபடி ஆகிவிட்டது. இதை வைத்தியம் என்று யாருக்கும் சொல்லிவிடாதீர்கள், உட்காருகிறவர் என்னைத்தான் திட்டுவார்.) ஆனால் எண்ணெய் பட்ட இடமும் நாற்காலியின் அடிப்பக்கத்துச் சிவப்பை எட்டவில்லை. அதாவது பாதிப் பழி பிளாஸ்டிக் வெடித்ததற்கு, மீதிப் பழி வண்ணப்பொடி செத்ததற்கு. பிளேடால் லேசாகச் சுரண்டினால் தலைமுடி கனத்துக்குக் கீழே முதல்நாள் சிவப்பு அப்படியே இருக்கிறது.

நாற்காலி பாலிபுரோப்பிலீன். கலப்பில்லாத பாலிபுரோப்பிலீன் வெயிலுக்கு மிகவும் இளைத்தது என்பது அந்தத் தொழிலில் இருக்கும் எவருக்கும் தெரியும். புற ஊதாக் கதிர் அதன் மூலக்கூறுச் சங்கிலியில் ஓரிடத்தைத் தட்டிவிட்டால், காற்றில் உள்ள ஆக்சிஜன் சேர்ந்துகொண்டு அடுத்தடுத்த இடங்களையும் அறுத்துக்கொண்டே போகும். அதைத் தடுக்கத்தான் ஹால்ஸ் என்ற நிலைப்படுத்தியைக் கலக்கிறார்கள். அறுக்கக் கிளம்பும் துணுக்குகளை அது பிடித்து அடக்கிவிட்டு, தானும் தீர்ந்துபோகாமல் மறுபடி வேலைக்கு நிற்கும். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் ஊசிவார்ப்பு ஆலையில் வேலை செய்யும் என் அக்காள் மகன் சொல்கிறான்: 100 கிலோ பிளாஸ்டிக்குக் கால் கிலோ ஹால்ஸ், மிஞ்சிப்போனால் அரைக் கிலோ. 100 கிலோவில் 45 நாற்காலி வரும். ஒரு நாற்காலிக்கு எத்தனை கிராம் மிச்சம் பிடித்தீர்கள் என்று கணக்குப் போட்டேன். தாங்களும் போட்டுப் பாருங்கள்.

பழைய பிளாஸ்டிக்கை அரைத்துச் சேர்த்தால் ஏற்கெனவே பாதி அறுந்த சங்கிலிதான் உள்ளே போகும் என்றும் அவன் சொன்னான். தாங்கள் சேர்த்தீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. சேர்க்கவில்லை என்று எழுத்தில் தரும்படி கேட்கிறேன். சிவப்பைக் கொஞ்சம் இளக்க டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி போட்டிருந்தால் அது ரூட்டைல் வகையா, அனடேஸ் வகையா என்பதையும் சொல்லுங்கள். இரண்டாவது வகை வெயிலில் தானே பிளாஸ்டிக்கை அரிக்கத் தூண்டும்.

சோப்புத்தூள் போட்டுக் கழுவினீர்களா என்று தங்கள் ஆள் கேட்டார். வெறும் தண்ணீரும் பழந்துணியும்தான். பிளீச்சிங் பவுடரை நாற்காலிப் பக்கமே கொண்டுபோனதில்லை. தார்ப்பாய் போட்டு மூடலாமே என்றார். சித்திரை முதல் மூடித்தான் வைத்திருக்கிறேன். வெளுத்த பிறகு வந்த புத்தி அது. ஆனால் தார்ப்பாய்க்குள் இருந்தால்தான் நிறம் நிற்கும் என்றால், அந்த வரியையும் அட்டையில் அச்சடித்திருக்க வேண்டும். அப்போது 640 ரூபாய் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் கேட்பது இது. வெளுத்த 100 நாற்காலிகளை எடுத்துக்கொண்டு, வெயில் தாங்கும் வண்ணத்தில் புதியவை தாருங்கள். அல்லது 64,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். மாற்று நாற்காலி தருவதாக இருந்தால், அந்தச் சரக்கை வெயிலைப் போல ஒளி வீசும் செனான் விளக்குச் சோதனையில் எத்தனை மணி நேரம் வைத்தீர்கள், நிறம் எவ்வளவு மாறியது என்ற அறிக்கையின் நகலும் வேண்டும். ‘யூவி கலந்தது’, அதாவது புற ஊதாக் கதிரைத் தாங்கும் மருந்து கலந்தது என்ற வாய்வார்த்தை இனி வேண்டாம். கொட்டகையில் உள்ள 100-க்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவில் பக்கம் அவற்றைப் போட வேண்டும். மூன்று நாள் வெட்டவெளியில் நிற்கும். அவையும் வெளுத்தால் அடுத்த கடிதம் வரும்.

வியாபாரத்துக்கு வாங்கியவன் நுகர்வோர் ஆகமாட்டான் என்று தங்கள் வழக்கறிஞர் சொல்லக்கூடும். சுயதொழில் செய்து வயிற்றைக் கழுவுகிறவன் தன் பிழைப்புக்காக வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. என்னிடம் வேலையாள் கிடையாது. நானும் என் மனைவியும்தான் நாற்காலி சுமக்கிறோம். 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். இந்தத் தொகைக்கு அங்கே கட்டணமும் இல்லை.

பார்வையிட ஆள் அனுப்புவதானால் பகல் 11 மணிக்கு மேல் அனுப்புங்கள். வந்ததும் எந்த நாற்காலியையும் அவரே தேர்ந்தெடுத்துக் கவிழ்த்துப் பார்க்கட்டும். அடிப்பக்கத்தில் தங்கள் முத்திரை இருக்கும் இடத்தில் தாங்கள் விற்ற சிவப்பு அப்படியே இருக்கிறது. வெள்ளை வேட்டி கட்டி வர வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நாற்காலி வாடகை நிலைய உரிமையாளர்

இணைப்பு: விலைச்சீட்டின் நகல், உத்தரவாத அட்டையின் நகல், புகைப்படங்கள் 9, சுரண்டி எடுத்த பொடி ஒரு பொட்டலம்.