வராந்தாவில் நின்ற அக்கா

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. குற்றப்பத்திரிகையைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை, இந்த ஆளுக்காக எப்படி எழுந்து நிற்பேன் என்றாய். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தூக்கம் வராததற்காக வெட்கப்படாதே. பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிற வக்கீலிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. இறந்துபோனவளின் அம்மா கோர்ட்டுக்கு வருவாள். அவளைப் பார்க்காத மாதிரி கடந்து போகாதே.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்து நாலு வருஷம், சட்ட உதவியில் வந்த கொலை வழக்கு. காலையில் குற்றவாளி என்று தீர்ப்பு. அன்று மதியமே தண்டனை பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். வயது குறைவு, ஏழை, வயதான தாய் இருக்கிறார் என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை. விசாரணை முழுக்க சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதிலேயே கவனமாக இருந்துவிட்டேன். அவன் யார், எப்படி வளர்ந்தான் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. தூக்குத் தண்டனை என்று ஆங்கிலத்தில் வாசித்தார்கள். கூண்டிலிருந்து குனிந்து, "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டான். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

செஷன்ஸ் கோர்ட் தூக்கு விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. அவன் பிழைத்தது அதனால்தான். அங்கே வாதாடிய சீனியர் அவன் வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார். ஏழு வயதில் தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் பேச்சில்லாமல் கிடந்தது, ஒன்பது வயதில் கடனுக்கு ஈடாக வேலைக்கு விடப்பட்டது, எல்லாம் அவன் அக்கா சொல்லித் தெரிந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து கோர்ட் வராந்தாவில் நின்றவள் அவள். நான் அவளிடம் அடுத்த தேதியை மட்டும் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தேன். தண்டனை ஆயுளாகக் குறைந்தது. அந்த வராந்தாவை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

குற்றத்தை மட்டும் பார்க்காதே, செய்தவனையும் பார் என்று 1980இல் பச்சன் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூக்கு கேட்டால், அவன் திருந்த வழியில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. பரீட்சைக்கு இதை மனப்பாடமாகப் படித்திருந்தேன், ஆனால் அந்த மதியம் வாயில் வரவில்லை. உனக்கு இன்னும் வலுவாக ஒன்று இருக்கிறது. 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. மனநல மதிப்பீடு, நன்னடத்தை அலுவலர் அறிக்கை, சிறையில் அவன் நடந்துகொண்ட விதம் பற்றிய அறிக்கை, இவையெல்லாம் தண்டனைக்கு முன்பே கோர்ட்டுக்கு வர வேண்டும் என்கிறது. மனு போட்டுக் கேள். தண்டனை விசாரணைக்கு அவகாசமும் கேள். எரிச்சல் படுவார்கள், படட்டும்.

வயதை மறக்காதே. போலீஸ் எழுதிய வயதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் பள்ளிக்கூடப் பதிவேட்டைத் தேடிப் போ. தூக்கு விதிக்கப்பட்டு 28 வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த ஒருவர், சம்பவத்தின்போது 12 வயதுச் சிறுவன் என்று 2023இல்தான் உச்ச நீதிமன்றம் ஏற்று விடுவித்தது. அத்தனை வருஷமும் அவருக்கு வக்கீல்கள் இருந்தார்கள், கண்ணம்மா.

அவன்தான் செய்தான் என்று நீ இப்போதே முடிவு கட்டிவிட்டது போலப் பேசினாய். மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் ஆறு பேருக்கு 2009இல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்றது. 2019இல் அதே நீதிமன்றம் ஆறு பேரும் குற்றவாளிகள் இல்லை என்று விடுதலை செய்தது. நடுவில் யாராவது கை கழுவியிருந்தால்? நீ நிற்பது இதற்காக. செய்தவனாகவே இருந்தாலும், அவன் உயிரை எடுக்கலாமா என்று முடிவு செய்கிறவர்கள் அவனை முழுசாகத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். தெரிய வைக்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

சரி, வரும் வாரம் சிறைக்குப் போகிறாய் அல்லவா? முதல் தடவை கேஸ் பேச்சை எடுக்காதே. தூக்கம் வருகிறதா, கடைசியாக யார் பார்க்க வந்தார்கள் என்று கேள். பதில் சொல்ல மாட்டான். அப்புறமும் போ. என் கட்சிக்காரர் ஒருவர் அஞ்சு மாதம் கழித்து, என் கையிலிருந்த பேனாவையே பார்த்தபடி, சித்தப்பா தன்னை என்ன செய்தார் என்று சொன்னார். அன்று நான் குறிப்பு எடுக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு அக்கா தங்கை யாராவது இருந்தால் நம்பர் வாங்கிக்கொள். கோர்ட்டுக்கு வந்தால் உட்கார வைத்துப் பேசு. பார்த்துவிட்டு வந்ததும் எனக்குப் போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அம்மா