தொட்டியைக் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள்

மண்புழு உரப் பயிற்சி நடத்தும் குடியிருப்போர் சங்கத்தாருக்கும் உள்ளாட்சிப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

காலையில் வகுப்பு. மதியம் ஆளுக்கொரு தொட்டி, ஒரு கை புழு, ஒரு துண்டறிக்கை. சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அந்தத் தொட்டிகள் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கின்றன என்று உங்களில் யாராவது போய்ப் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருவதால் வீடு வீடாகப் போகும் வழக்கம் எனக்கு உண்டு. மாடிப்படிக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கும் தொட்டிகளைப் பார்க்கும்போது மனசு கனத்துப் போகிறது. அந்த வீட்டுக்காரர்கள் சோம்பேறிகள் இல்லை. ஆசையோடு ஆரம்பித்தவர்கள். நடுவில் ஏதோ தப்பாகிவிட்டது, கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

என் முதல் தொட்டிக்கும் அதே கதிதான். வீட்டில் ஒரு விருந்து முடிந்த மறுநாள், மிஞ்சிய காய்கறிக் கழிவையும் பழத்தோலையும் மொத்தமாக உள்ளே கொட்டி மூடினேன். நான்காம் நாள் மூடியைத் தூக்கினால் புளித்த வாடை முகத்தில் அடித்தது. மூடியின் உட்புறத்திலும் தொட்டியின் விளிம்பிலும் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே கிடந்தவை வெளுத்துத் துவண்டிருந்தன. துண்டறிக்கையை எடுத்துப் புரட்டினேன். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று இருந்தது. எவ்வளவு போடலாம் என்று இல்லை.

என்ன நடந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கழிவு கெட்டியாக அமுங்கிக் காற்றில்லாமல் புளிக்கும்போது சூடும் அமிலமும் ஏறுகின்றன. மூடியில் ஒட்டியிருந்தவை காற்றைத் தேடி ஏறி வந்தவை.

இன்னொன்றையும் வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டும். புழுவுக்குப் பல் இல்லை. நாம் போடும் தோலை அது அப்படியே கடித்துத் தின்பதில்லை. பாக்டீரியாவும் பூஞ்சையும் முதலில் அதை இளக்க வேண்டும். அப்புறம்தான் புழு அந்த நுண்ணுயிர்களோடு சேர்த்து அதை விழுங்கி, அரைவைப்பையில் மணல் துகள் கொண்டு அரைக்கிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். புழு தன் எடையில் பாதியை ஒரு நாளில் தின்னும் என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். அது நன்றாகப் பழகிய தொட்டிக்கு, சூழ்நிலை எல்லாம் கூடிவந்தால் பொருந்தும் கணக்கு. புதுத் தொட்டிக்கு அதில் கால்வாசி போதும். முன்பு போட்டது மறைந்த பிறகு அடுத்ததைப் போடச் சொன்னால் பாதித் தொட்டிகள் பிழைத்துவிடும் என்பது என் அனுபவம்.

ஈரத்தைக் கையால்தான் கற்றுத்தர முடியும். கிழித்த செய்தித்தாளும் அட்டையும் காய்ந்த இலையும் கலந்த படுக்கையை ஒரு கை அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். தாரையாக வழிந்தால் காய்ந்த தாளைச் சேர்த்துக் கிளறிவிட வேண்டும். ஒவ்வொருவரையும் பிழிந்து பார்க்க வையுங்கள். விரல் ஒருமுறை கற்றுக்கொண்டால் மறக்காது.

எந்தப் புழு என்பதிலும் கவனம் வேண்டும். தோட்டத்தில் ஆழமாக வளை தோண்டி வாழும் புழுவைத் தொட்டியில் விட்டால் நிலைக்காது. மேலாக, மட்கும் குப்பையிலேயே வாழும் இனம் வேண்டும். ஐசீனியா ஃபெடிடா என்ற சிவப்புப் புழுவும் யூட்ரிலஸ் யூஜீனியே என்ற ஆப்பிரிக்கப் புழுவும் அந்த வகை. வெளியிலிருந்து வந்த இந்தப் புழுக்களைக் காட்டில் கொண்டுபோய் விடக்கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வெளியிலிருந்து வந்த மண்புழுக்கள் தரையின் இலைச்சருகுப் படுக்கையையே தின்று தீர்த்து, அதை நம்பி முளைக்கும் செடிகளைப் பாதித்திருக்கின்றன.

சொல்லத் தயங்கும் சில விஷயங்களும் உண்டு. தொட்டியின் அடியில் வடியும் கறுப்புத் தண்ணீரைப் பலர் அமுதம் போலப் பேசுகிறார்கள். அது பாதி மட்கிய கழிவிலிருந்து வரும் கசிவு. நோய்க்கிருமி இருக்கலாம். பச்சையாகத் தின்னும் கீரை மேல் அதைத் தெளிக்கக் கூடாது. மண்புழுத் தொட்டி சாதாரண உரக்குவியல் போலச் சூடேறுவதில்லை, சூடேறினால் புழு செத்துவிடும். அதனால் களைவிதையும் கிருமியும் முழுக்கச் சாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நாய், பூனையின் கழிவை உள்ளே போடாதீர்கள் என்பது இதனால்தான்.

1881-இல் தம் மண்புழு ஆய்வை வெளியிட்ட டார்வின், வீட்டுக்குள் பானைகளில் புழு வளர்த்தவர். பியானோ வாசித்தபோது அவை அசையவே இல்லை. பானையைப் பியானோ மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும் சட்டென்று வளைக்குள் இழுத்துக்கொண்டன. காது கேட்காது, அதிர்வு தெரியும். தொட்டியைச் சலவை இயந்திரத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லும்போது இந்தக் கதையைச் சேர்த்துக்கொள்வேன். வெறும் விதியாகச் சொன்னால் யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

இனி என் கோரிக்கை. ஒரு நாள் வகுப்பை நான்காகப் பிரியுங்கள். தொட்டி கட்டும் நாள் ஒன்று. பத்தாம் நாள் ஒருமுறை, வாடையும் பழ ஈயும் வந்து மக்கள் கைவிட நினைக்கும் நேரம் அது. நாற்பதாவது நாள் ஒருமுறை. உரம் அள்ளும் நாள் கடைசி.

நாற்பதாவது நாளை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். முட்டைக்கூடுகள் கண்ணில் படத் தொடங்கும் நேரம். மிளகளவுகூட இல்லாத, எலுமிச்சை வடிவக் கூடுகள். முதலில் மஞ்சளாக இருந்து, பொரியும் சமயம் சிவந்துவிடும். ஒரு வீட்டில் ஒரு சிறுமி அப்படியொன்றை உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மெல்லிய சுவருக்குள் சிவப்பு நூல் ஒன்று நெளிந்தது. “உள்ளே ஒன்றுக்கு மேல் இருக்கு” என்று கத்தினாள். உண்மைதான், ஐசீனியாவின் ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குஞ்சுகள் வருவது வழக்கம். அந்த வீட்டுத் தொட்டி இன்றைக்கும் ஓடுகிறது.

திரும்பத் திரும்பப் போக ஆள் வேண்டுமே என்பீர்கள். தெருவுக்கு ஒருவரைத் தயார்செய்யுங்கள். என் வகுப்பில் கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, புழுவைக் கையில் எடுத்ததும் “இது நாங்கூழ்தானே” என்றார். அந்தப் பழைய பெயரை அங்கே வேறு யாரும் அறிந்திருக்கவில்லை. இப்போது அவர் தெருவில் யார் தொட்டி நாறினாலும் அவர் வாசலுக்குத்தான் போகிறார்கள். தொட்டிக்கென ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை இப்படிப்பட்டவர்களின் நேரத்துக்குக் கொடுங்கள். தொட்டியாக, அடியில் துளையிட்ட பழைய வாளியே போதும்.

அடுத்த வகுப்புக்குத் தேதி குறிக்கும்போது நாற்பதாவது நாளையும் சேர்த்தே குறியுங்கள். அன்றைக்கு நான் வருகிறேன். யார் தொட்டியிலாவது புழு செத்திருந்தால், என் தொட்டியிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அக்கம்பக்கத்தில் மண்புழு வளர்க்கக் கற்றுத்தரும் ஒருவர்